சத்து மாத்திரை அட்டையின் பின்பக்கம்

சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்த வீட்டில் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பருப்பைக் குறை, கீரையைத் தொடாதே, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இரண்டு மாதத்தில் ஆள் மெலிந்துவிடுவார். வாய் ஓரத்தில் வெடிப்பு, காலில் மதமதப்பு, கொத்துக் கொத்தாய் முடி உதிர்தல். "சாப்பாட்டுலதான் ஒண்ணுமில்ல, ஒரு சத்து மாத்திரையாவது போடட்டும்" என்று யாராவது மருந்துக்கடையில் ஓர் அட்டையை வாங்கிவந்து கொடுப்பார்கள்.

எண்ணம் தப்பில்லை. குறைபாடு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அட்டையில் இருப்பது சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கான கலவை. சிறுநீரகம் பழுதான உடம்பில் எல்லா வைட்டமினும் ஒரே மாதிரி குறைவதில்லை. பி, சி வகைகள் குறைவாக உள்ளே போகின்றன, டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதிகமாக வெளியேயும் போகின்றன. டி உள்ளே இருந்தாலும் வேலைக்கு வராமல் கிடக்கிறது. ஏ மட்டும் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் ஒரு மாத்திரையும் உள்ளே போகக் கூடாது என்பது என் கட்சி.

படிக்கும்போது முதலில் தேட வேண்டியது வைட்டமின் ஏ. ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், வைட்டமின் ஏ அசிடேட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது ஏ-தான். ரத்தத்தில் இதைச் சுமந்து செல்லும் ஒரு சிறு புரதம் உண்டு. அது சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, அங்கேயே சிதைக்கப்படுவது வழக்கம். சிறுநீரகம் தளர்ந்தால் அந்தப் புரதம் ரத்தத்தில் தேங்குகிறது, அதோடு வைட்டமின் ஏ-யும் தேங்குகிறது. டயாலிசிஸில் இது வெளியேறாது. பொதுவான மல்டிவைட்டமின் சிலவற்றில் 5,000 யூனிட், சிலவற்றில் 10,000 யூனிட்கூட இருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ள ஆணுக்கே ஒரு நாள் தேவை சுமார் 3,000 யூனிட்தான். மாதக்கணக்கில் சேர்ந்தால் தோல் வறண்டு உரியும், முடி கொட்டும், எலும்பு வலிக்கும், ரத்தத்தில் கால்சியம் ஏறும், கல்லீரலும் பாதிக்கப்படும். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. முடி கொட்டுகிறது, தோல் காய்கிறது என்றுதான் அந்த மாத்திரையையே வாங்கியிருப்பார்கள்.

மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைக்கும் இதே கதைதான். 'மீன் எண்ணெய்' என்று மட்டும் போட்ட ஒமேகா-3 மாத்திரை வேறு, காட் மீனின் ஈரல் எண்ணெய் வேறு. பின்னதில் ஏ, டி இரண்டுமே உண்டு. ரத்தம் ஊறட்டும் என்று வாராவாரம் ஆட்டீரல் வறுத்துக் கொடுப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஈரலில் பி12, இரும்பு நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் 100 கிராம் ஈரலில் வைட்டமின் ஏ ஒரு நாள் தேவைக்குப் பல மடங்கு இருக்கிறது, பாஸ்பரஸும் அதிகம். எப்போதாவது ஒரு நாள் இரண்டு துண்டு என்றால் சரி. வழக்கமாக வேண்டாம். கேரட், பப்பாளியில் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடம்பு வேண்டிய அளவுக்குத்தான் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் என்பதால் அந்தப் பக்கம் பயமில்லை. அங்கே பார்க்க வேண்டியது பொட்டாசியம். வைட்டமின் ஈ-யையும் தானாக வாங்கிப் போடக் கூடாது. 2020-இல் வெளியான அமெரிக்கச் சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டுதல் ஏ, ஈ இரண்டையும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறது.

இனி டி. குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெயில் பட்டுத் தோலில் உண்டாவதும், சாஷே என்ற சிறு பொட்டலத்தில் தூளாக வருவதும் கச்சா டி. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆக மாற்றிச் சேமிப்பில் வைக்கிறது. அதை வேலை செய்யும் உருவமான கால்சிட்ரியாலாக மாற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் 1970-இல் இந்தக் கடைசி மாற்றம் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்று காட்டிய பிறகுதான், சிறுநீரக நோயாளிக்கு எலும்பு ஏன் கெடுகிறது என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்தது.

சிறுநீரகத் திசு குறைவதால் மட்டும் கால்சிட்ரியால் குறைவதில்லை. பாஸ்பரஸை வெளியே தள்ளுவதற்காக எலும்பு எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தின் மாற்றும் நொதியையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் இன்னும் நார்மல் என்று வரும் காலத்திலேயே இது தொடங்கிவிடும். கால்சிட்ரியால் குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் பிடிஎச் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் விடும். வருடக்கணக்கில் இப்படியே போனால் எலும்பு அரிக்கும், உடம்பு நமைக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும்.

கச்சா டி-யும் இந்த நோயாளிகளுக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. சிறுநீரில் புரதம் நிறையப் போனால் டி-யைச் சுமக்கும் புரதமும் சேர்ந்தே போய்விடும். சிறுநீரகம் தளர்ந்தவரின் தோல் அதே வெயிலில் குறைவாகவே டி தயாரிக்கிறது. வெயில் காய்வது என்றால் நம் ஊரில் காலை ஆறரை மணி இளவெயிலில் நடப்பது என்று ஒரு நினைப்பு. அந்த வெயிலில் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் சொற்பம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் உதவும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் இதய பலவீனம் உள்ளவரையும், தண்ணீர் அளவு கட்டியவரையும் சித்திரை நண்பகலில் மொட்டைமாடிக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவர்களுக்கு மருந்துதான் வழி.

மருந்தில் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றல்ல. 60,000 யூனிட் சாஷே அல்லது ஜெல் மாத்திரை, அதாவது கோலிகால்சிஃபெரால், கச்சா டி. சிறு மாத்திரையாக 0.25 மைக்ரோகிராம் என்று வருவது கால்சிட்ரியால், தயார்நிலை டி. 60,000 யூனிட் என்றால் 1,500 மைக்ரோகிராம். எண்ணை மட்டும் பார்த்து "இது வெறும் 0.25தானே" என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கால் மைக்ரோகிராம் சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டைத் தாண்டி நேராக வேலை செய்யும் ஹார்மோன். கச்சா டி-யைக் கிடங்கில் இருக்கும் நெல் என்றால், இது இலையில் விழுந்த சோறு.

சேமிப்பு எவ்வளவு என்று பார்க்க 25-ஹைட்ராக்சி பரிசோதனை எடுக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 20 முதல் 30 வரை போதாமை என்பது பரவலாக இருக்கும் கணக்கு. 1,25-டைஹைட்ராக்சி என்று வேறொரு பரிசோதனை உண்டு, விலையும் அதிகம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் சில சமயம் அதை எடுத்துவந்து குழம்புவார்கள். சேமிப்பைக் கணக்கிட அது உதவாது. குறைபாடு உறுதியானால் வாரம் ஒரு சாஷே, எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று என்பது வழக்கமான ஏற்பாடு. மாதம் ஒன்று என்றால் நாளுக்கு 2,000 யூனிட் கணக்கு.

கோளாறு நேர்வது மூன்று இடங்களில். முதலாவது, 'வாரம் ஒன்று' என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொள்வது. எட்டு வாரத்துக்கான 4,80,000 யூனிட் எட்டே நாளில் உள்ளே போய்விடும். மற்ற மாத்திரைகளோடு ஒரே பையில் போட்டு வைப்பதால் வருவது இது. சாஷேயின் மேல் தேதியைப் பேனாவால் எழுதித் தனியே எடுத்து வைத்தால் தீர்ந்தது. இரண்டாவது, எட்டு வாரம் முடிந்தும் நிறுத்தாமல் வாரம் ஒன்றாக வருடக்கணக்கில் தொடர்வது. அது நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல். மூன்றாவதுதான் அதிகம். எலும்பு டாக்டர் மூட்டு வலிக்கு ஒரு கால்சியம் மாத்திரை எழுதியிருப்பார், அதில் டி3 இருக்கும். சிறுநீரக டாக்டர் கால்சிட்ரியால் எழுதியிருப்பார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் முதுகுவலிக்கு 6,00,000 யூனிட் ஊசி போட்டிருப்பார்கள். மூவருக்கும் மற்ற இருவர் எழுதியது தெரியாது.

டி கூடிப்போனால் கால்சியம் ஏறும். மலச்சிக்கல், குமட்டல், தாகம், அடிக்கடி சிறுநீர், மந்தம், குழப்பம் எல்லாம் வரும். தொல்லை என்னவென்றால், சிறுநீரகம் வெளியேற்றாத கழிவான யூரியா ஏறினாலும் பசியின்மை, குமட்டல், மந்தம்தான். "கிட்னி இன்னும் மோசமாகிவிட்டது" என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். கால்சியம் ஏறினால் கிரியேட்டினினும் கூடவே ஏறும் என்பதால் அந்த நினைப்புக்குச் சாட்சியும் கிடைத்துவிடும். சட்டென்று கிரியேட்டினின் எகிறினால் கால்சியத்தையும் ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால்சிட்ரியாலால் ஏறியது என்றால் நிறுத்திய சில நாளில் இறங்கும். கச்சா டி கொழுப்பில் தங்குவதால் இறங்க வாரங்களும் மாதங்களும் ஆகும்.

கால்சியம் ரிப்போர்ட்டையும் அப்படியே நம்ப முடியாது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்கு மொத்தக் கால்சியம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். 4-லிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8 ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். கால்சியம் 9.8, ஆல்புமின் 2.8 என்றால் 1.2 × 0.8 = 0.96, சரிசெய்த கால்சியம் 10.8-ஐ ஒட்டி வருகிறது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தது, கூட்டிப் பார்த்தால் எல்லை தாண்டிவிட்டது. இது தோராயக் கணக்குதான். சந்தேகம் வந்தால், புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் அயனிக் கால்சியத்தைப் பார்ப்பார்கள்.

டயாலிசிஸுக்குப் போகாத நிலையில் பிடிஎச் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்பதற்காக உடனே கால்சிட்ரியால் தொடங்கும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. கேடிகோ என்ற பன்னாட்டு வழிகாட்டுக் குழு 2017-இல் அதை மாற்றியது. சிறுநீரக நோயின் முற்றிய நிலைகளான நான்காம், ஐந்தாம் நிலையில் பிடிஎச் கடுமையாகவும் தொடர்ந்தும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் கால்சிட்ரியால், மற்றபடி வழக்கமாக வேண்டாம் என்றது. டயாலிசிஸில் இருப்பவருக்கு பிடிஎச் நார்மல் எல்லையின் இரண்டு முதல் ஒன்பது மடங்கு வரை இருப்பதையே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே பிடிஎச் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்தும் பதற வேண்டியதில்லை. ஏறுகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

சாஷேயைப் பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சப்படும் என்பது காரணம். தண்ணீர் அளவு கட்டியவருக்கு முழு டம்ளர் பால் வீண் சுமை. கால் டம்ளர் போதும். அல்லது ஜெல் மாத்திரையாகக் கேட்டு வாங்கி மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். பி வகையும் சி-யும் தண்ணீரில் கரைபவை. இவற்றின் இழப்பில் ஒரு பங்கு நாமே செய்வது.

பொட்டாசியம் குறைய வேண்டும் என்று காயை மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிடும் முறை எல்லா டயாலிசிஸ் வீடுகளிலும் தெரிந்ததுதான். பொட்டாசியத்தோடு ஃபோலேட் (பி வகையில் ஒன்று; மாத்திரையில் ஃபோலிக் அமிலம்), பி1, பி6, சி எல்லாமே அந்தத் தண்ணீரோடு போகின்றன. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, முருங்கைக்கீரை போன்றவற்றுக்கு இந்த வேலை தேவை. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் போய் இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் பிழிவதில் அர்த்தமில்லை. இவற்றில் பொட்டாசியம் ஒப்பளவில் குறைவு. கழுவி, நறுக்கி, அளவாகத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்தால் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று. ரத்தப் பொட்டாசியம் 4.2 என்று நார்மலாக இருக்கும் மூன்றாம் நிலை நோயாளிக்குக் கீரையும் பழமும் அடியோடு நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். கிட்னி என்றாலே பொட்டாசியம் விலக்கு என்று யாரோ சொன்னதுதான் காரணம். சிறுநீர் பிரிய மருந்து எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைவாகவே இருக்கவும் கூடும். ரிப்போர்ட்டைப் பார்த்து விலக்குங்கள். பார்க்காமல் விலக்கினால் பொட்டாசியத்தில் லாபம் எதுவும் வராது. ஃபோலேட்டும் சி-யும் கே-யும்தான் நஷ்டம்.

அரிசியைப் பற்றி. பச்சரிசியில் பி1 தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கல் அரிசியில் நெல்லாக இருக்கும்போதே அவிப்பதால் பி1 அரிசியின் உட்பக்கம் இறங்கிக்கொள்கிறது, தீட்டினாலும் கணிசமாகத் தங்குகிறது. அதை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் அதுவும் போச்சு. இரண்டு முறை கழுவி, அளவுத் தண்ணீரில் பொங்கினால் மிஞ்சும். சர்க்கரைக்காகக் கஞ்சி வடிப்பவர்கள் உண்டு. அவர்கள் சோற்றின் அளவைக் குறைப்பதில்தான் பலன் அதிகம்.

பி1 குறைவு என்பது அசட்டையாக விடக்கூடியதல்ல. ஃபுரோசமைடு போன்ற சிறுநீர் மருந்து அதைச் சிறுநீரோடு இழுத்துப் போகும், டயாலிசிஸும் போக்கும். பசியில்லாமல் வாரக்கணக்கில் கஞ்சியும் பிஸ்கட்டுமாக ஓட்டுபவருக்குத் திடீரென்று தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, புத்தித் தடுமாற்றம் வந்தால் யூரியா என்றும் பக்கவாதம் என்றும் தேடிக்கொண்டிருப்பார்கள். தயமின், அதாவது பி1 ஊசி மலிவானது, சந்தேகம் வந்த உடனே போடலாம். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் தயமினை முதலில் கொடுக்க வேண்டும். வெறும் குளுக்கோஸ் மிச்சம் மீதி இருக்கும் பி1-ஐயும் தீர்த்துவிடும்.

டயாலிசிஸ் சவ்வு சிறு மூலக்கூறுகளை வடிகட்டும்போது நல்லது கெட்டது பார்ப்பதில்லை. ஓர் அமர்வில் ரத்தத்திலுள்ள வைட்டமின் சி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இறங்கிவிடும். பி6, ஃபோலேட், பி1 ஆகியவையும் போகின்றன. வயிற்றில் பை மாற்றும் டயாலிசிஸிலும் வடியும் நீரில் இவை போகின்றன, கூடவே புரதமும். பி12 பெரிய மூலக்கூறு, புரதத்தோடு ஒட்டியும் இருப்பதால் அவ்வளவாகப் போவதில்லை. அதனால்தான் டயாலிசிஸ் அன்று பி, சி மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு மெஷினில் உட்காரக் கூடாது. முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டபின் போட வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு ஓர் அளவுகோல். அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்றே விற்கும் கலவையில் இப்படி இருக்கும்: ஃபோலிக் அமிலம் 1 மி.கி., பி6 10 மி.கி., பி1 1.5 மி.கி., பி2 1.7 மி.கி., நியாசின் 20 மி.கி., பி12 6 மைக்ரோகிராம், சி 100 மி.கி. அல்லது அதற்குக் கீழ். ஏ இருக்காது. ஈ இருக்காது. கையிலுள்ள அட்டையின் பின்பக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சை, சிவப்பு என்று அட்டையின் நிறத்தைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே கம்பெனியின் ஒரே பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'ஃபோர்ட்', 'பிளஸ்', 'கோல்டு' ஒவ்வொன்றும் வேறு வேறு கலவை.

சி விஷயத்தில் எல்லை மிகவும் குறுகல். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 75 மி.கி. கிடைத்தால் தேவை முடிந்தது. அதிகம் போனால் உடம்பு அதை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. அதை வெளியே தள்ள வேண்டியது சிறுநீரகம், அதுதான் பழுது. ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்திலும், முற்றினால் எலும்பிலும் இதயத்திலும்கூடப் படியும். கொரோனாக் காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு மிட்டாய்போல் கிடக்கும் ஆரஞ்சுச் சுவை மாத்திரை ஒன்றில் 500 மி.கி. இருக்கிறது. நெல்லிக்காய்ச் சாறும் அப்படித்தான். 100 கிராம் நெல்லிக்காயிலேயே சில நூறு மி.கி. சி உண்டு. இயற்கையாக வந்த சி வேறு வழியில் போகும் என்று நினைக்க வேண்டாம். ஈறில் ரத்தம், தோலில் புள்ளி புள்ளியாய்ச் சிவப்பு, ஆறாத புண் என்று உண்மையாகவே சி குறைவு தெரிந்தால் ஒரு துண்டு கொய்யாவோ 100 மி.கி. மாத்திரையோ போதும்.

புளிப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வைட்டமினுக்குச் சற்று வெளியே போனாலும் பரவாயில்லை. நட்சத்திரப்பழத்தைச் சிறுநீரக நோயாளி ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள நரம்பு நச்சு வெளியேறாமல் தங்கி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். அதன் உறவான பிலிம்பிக்காயைச் சாறாகக் குடித்து, ஆக்சலேட் படிந்து, நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கே சிறுநீரகம் நின்றுபோன நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியிருக்கின்றன.

பி12. நம் ஊரில் இதற்குக் காரணங்கள் அடுக்கடுக்காக வரும். சைவம், பால் அளவு குறைப்பு, வருடக்கணக்கில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், அசிடிட்டி மாத்திரை. கால் மதமதப்பு, எரிச்சல் வந்தால் "சுகர் நரம்பு" என்று முத்திரை குத்திவிடுவார்கள். அது பி12 குறைவாகவும் இருக்கலாம், யூரியாவாகவும் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். சரிசெய்யக்கூடியது பி12 என்பதால் அதை முதலில் பார்ப்பது நியாயம். ரிப்போர்ட் எல்லைக்கோட்டில் இருந்தால் பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மீத்தைல்மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டீனும் பார்ப்பது மற்றவர்களுக்கு உதவும். சிறுநீரகம் தளர்ந்தாலே இவை இரண்டும் ஏறிவிடும் என்பதால் இங்கே அது பாதிச் சாட்சிதான்.

ரத்த சோகைக்கு 5 மி.கி. ஃபோலிக் அமிலம் மட்டும் தொடங்கிவிடுவது இன்னொரு தவறு. ரத்தம் தேறும், ஆனால் உள்ளே பி12 இல்லாமல் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி12 பார்த்துவிட்டோ, அதையும் சேர்த்தோ கொடுக்க வேண்டும். ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், பிடிஎச், மறைந்திருக்கும் கிருமித்தொற்று ஆகியவற்றைப் பார்க்காமல் ஊசி அளவை மட்டும் ஏற்றிக்கொண்டு போவது பணத்துக்கும் கேடு, ரத்த அழுத்தத்துக்கும் கேடு.

அதிகமாகக் கொடுத்தால் நல்லதுதானே, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்ற வாதம் இங்கே நிற்காது. ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் சிறுநீரகம் பிழைக்கும் என்று எண்ணிக் கனடாவில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு நாளுக்கு ஃபோலிக் அமிலம் 2.5, பி6 25, பி12 1 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில் வடிகட்டும் திறன் வைட்டமின் எடுத்தவர்களுக்கு 16.5 புள்ளி குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 10.7 தான் குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும்கூட வைட்டமின் பக்கம் அதிகம். குறைபாடு இருப்பவருக்கு பி12 கொடுப்பது வேறு, இல்லாதவருக்கு மொத்தமாய்க் கொட்டுவது வேறு.

'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குவதில் கவனிக்க இரண்டு உண்டு. ஒன்று பி6. நாளுக்கு நூற்றுக்கணக்கான மி.கி. அளவில் நெடுநாள் போனால் அதுவே மதமதப்பை உண்டாக்கும். மற்றது, மெத்தில்கோபாலமினோடு (பி12-இன் ஒரு வடிவம்) நரம்பு வலி மருந்தான பிரிகாபலின் அல்லது காபாபென்டின் சேர்ந்த கலவை. இந்த வலி மருந்துகள் சிறுநீரகம் வழியே மட்டும் வெளியேறுபவை. அளவைக் குறைக்காமல் போட்டால் தூக்கக் கலக்கம், கை வெட்டி வெட்டி இழுத்தல், விழுந்து இடுப்பு ஒடிதல். வைட்டமின் என்று நினைத்து வாங்கிய அட்டையில் இது இருப்பது பலருக்குத் தெரியாது.

வைட்டமின் கே-யைப் பற்றிச் சுருக்கமாக. கீரையை நிறுத்தியவர்களுக்கும், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கும் இது குறையும். ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஒரு புரதத்துக்குக் கே வேண்டும் என்பதால் ஆர்வம் நிறைய இருக்கிறது. ஆனால் மாத்திரையாகக் கொடுத்ததில் இதுவரை தெளிவான பலன் காட்டப்படவில்லை. இப்போது வரும் கால்சியம்-டி3 மாத்திரைகளில் 'கே2-7' என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். இதய வால்வு மாற்றியவரோ, வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரோ இதைத் தெரியாமல் தொடங்கினால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் இறங்கி, வால்வில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. மைக்ரோகிராம் கணக்கிலான சிறு அளவே போதும் அதற்கு.

கடைசியாக, பயோட்டின். முடி உதிர்வுக்கென்று 5 மி.கி., 10 மி.கி. மாத்திரையாக விற்கிறது. ஒரு நாள் தேவை மைக்ரோகிராம் கணக்கில்தான். இது உடம்பைக் கெடுக்கிறதோ இல்லையோ, ரிப்போர்ட்டைக் கெடுக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பசைபோலப் பயன்படுத்தித்தான் ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் பிடிஎச், தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச், மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் ஆகியவை பொய்யாகக் குறைந்து தெரியும், வைட்டமின் டி பொய்யாகக் கூடித் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் இதைக் குறித்து எச்சரித்தது. பயோட்டின் சிறுநீரகம் வழியே வெளியேறுவது என்பதால், மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் போதும் என்றால் இங்கே அதைவிட அதிக நாள் தேவைப்படும். டி குறைவு தீர்ந்துவிட்டது, பிடிஎச் இறங்கிவிட்டது என்று காகிதம் சொல்லும். எலும்பு அரித்துக்கொண்டே இருக்கும். ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் "பயோட்டின் எடுக்கிறார்" என்று ஒரு வார்த்தை சொன்னால், வேறு முறைக் கருவியில் ஓட்ட முடியுமா என்று ஆய்வகத்திலேயே பார்ப்பார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், கடையில் நீங்களாக வாங்கியது உட்பட எல்லா அட்டைகளையும் மாத்திரை தீர்ந்த வெற்று அட்டையோடு சேர்த்து ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.